பின்கதவில் விழுந்த ஒடுக்கு: வண்ணம் உடையாமல் வீட்டிலேயே எடுக்க முடியுமா?

மாடம்பாக்கத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் ஓரமாக நிறுத்தியிருந்த என் ஹேட்ச்பேக் காரின்மீது தண்ணீர் லாரி ஒன்று பின்னோக்கி வந்து மெதுவாக மோதியதில், இடப்பக்கப் பின்கதவில் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஒடுக்கு ஒன்று விழுந்திருக்கிறது. அதே மோதலில் பின்பம்பரின் மூலையும் உள்வாங்கியிருக்கிறது. கார் சில்வர் மெட்டாலிக் நிறம், இதுவரை எந்தப் பகுதியும் மறுவண்ணம் பூசப்படவில்லை. ஒடுக்கின் மேல் விளிம்பு, கதவின் நடுவே நீளவாக்கில் ஓடும் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கண்ணுக்குத் தெரிந்தவரை வண்ணம் எங்கும் உடையவில்லை.

பட்டறையில் கேட்டபோது கதவுக்கும் பம்பருக்கும் டிங்கரிங் (தகட்டை நிமிர்த்தும் வேலை), பெயிண்டிங் இரண்டும் சேர்த்தே செய்ய வேண்டும் என்றார்கள். காணொளிகளிலோ கொதிநீரை ஊற்றுகிறார்கள், முடி உலர்த்தியால் சூடேற்றிப் பனிக்கட்டியை வைக்கிறார்கள், கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணத்தால் இழுக்கிறார்கள். இவற்றுள் உண்மையில் வேலை செய்வது எது, காப்பீட்டில் கோருவது நல்லதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாலிமர் எழுதியது:

பம்பரையும் கதவையும் ஒரே கேள்வியாகக் கேட்டிருக்கிறீர்கள். அவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதால் விடையும் இரண்டாகத்தான் வரும். இன்றைய கார்களில் பம்பர் உறை பெரும்பாலும் ரப்பர் கலந்த பாலிபுரொப்பிலீன். அதன் உட்புறத்தில் பிபி (பாலிபுரொப்பிலீன்), ஈபிடிஎம் (ஒருவகை ரப்பர்) என்ற எழுத்துகள் அச்சிடப்பட்டிருப்பதைக் கழற்றிப் பார்த்தால் காணலாம். இது சூட்டில் இளகும் பிளாஸ்டிக். ஏறத்தாழ 160 பாகை செல்சியஸில் உருகுவது, கொதிநீரின் சூட்டிலேயே கையால் தள்ளும் அளவுக்கு நெகிழ்ந்துவிடும். வார்ப்பின்போது பெற்ற வடிவத்துக்குத் திரும்பும் போக்கும் அதற்கு உண்டு. ஆகவே கொதிநீர்க் காணொளிகள் பம்பரைப் பொறுத்தவரை பொய்யில்லை.

செய்யும் முறை: சக்கர வளைவின் உள்ளுறையைத் தாங்கும் திருகுகளையும் கிளிப்புகளையும் கழற்றினால் மூலைக்குப் பின்னால் கை நுழைய இடம் கிடைக்கும். தடித்த கையுறை அணிந்துகொண்டு, ஒடுக்கின்மீதும் அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கும் கொதிநீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். பிறகு உள்ளிருந்து, நடுவை விட்டுவிட்டு விளிம்பிலிருந்து தொடங்கி, வெளியே தள்ளுங்கள். வடிவம் வந்தவுடன் குளிர்ந்த நீரை ஊற்றினால் அப்படியே நிலைத்துவிடும். நிறுத்த உணரி (பார்க்கிங் சென்சார்) அருகில் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட வேண்டும். வெப்பக்காற்றுத் துப்பாக்கியைத் தவிர்ப்பது நல்லது. அதன் முனையில் சில நூறு பாகை சூடு இருப்பதால் ஓரிடத்தில் கணநேரம் நின்றாலும் வண்ணம் கொப்பளித்துவிடும்.

கதவு எஃகுத் தகடு. நூறு பாகைச் சூடு அதற்கு ஒரு பொருட்டே அல்ல, ஏனெனில் தொழிற்சாலையில் அடிப்பூச்சை உலர்த்தும்போதே அந்தத் தகடு ஏறத்தாழ 170 பாகைச் சூளைக்குள் போய்வந்திருக்கிறது. சூடும் பனிக்கட்டியும் சேர்ந்தால் தகடு சுருங்கித் தானே நிமிரும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எஃகு ஒரு பாகைக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு மட்டுமே விரியும் அல்லது சுருங்கும். பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள ஒடுக்கில் நூறு பாகை வேறுபாட்டை உண்டாக்கினாலும் கிடைப்பது 0.12 மில்லிமீட்டர். மடிந்துபோன தகட்டை விரிக்க இது போதாது. தலைகீழாகப் பிடித்துப் பீய்ச்சும் தூசி நீக்கிக் குப்பிகள் பலவற்றில் இருப்பது தீப்பற்றக்கூடிய வாயு; சூடேற்றிய தகட்டின்மேல் அதைப் பீய்ச்சச் சொல்லும் காணொளிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

புதுச்சக்கரம் எழுதியது:

பாலிமர் அவர்களின் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் ரப்பர் கிண்ணத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. என் உறவினரின் காரில், முன்கதவின் நடுவில் கால்பந்து பட்டு விழுந்த பெரிய குழி ஒன்று, ஈரப்படுத்திய ரப்பர் கிண்ணத்தை வைத்து இழுத்த மாத்திரத்தில் 'டப்' என்ற ஒலியோடு வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அடையாளமே தெரியவில்லை. எஃகில் எதுவும் நடக்காது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது.

ஓய்வுபெற்ற டிங்கர் எழுதியது:

நீங்கள் இருவர் சொல்வதும் சரி. நீங்கள் பேசுவது இரண்டு வகையான ஒடுக்குகளைப் பற்றி என்பதால்தான் முரண்பாடுபோலத் தெரிகிறது.

கதவின் வெளித்தகடு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. எஃகை ஓரளவு வரை வளைத்தால் விட்டவுடன் பழைய நிலைக்கு வந்துவிடும். அந்த அளவைத் தாண்டினால் வளைந்தபடியே நின்றுவிடும். எந்த ஒடுக்கை எடுத்துக்கொண்டாலும், அதன் பரப்பில் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்ததுதான், அதாவது அது நிமிரத் துடித்துக்கொண்டிருக்கிறது. அதை நிமிரவிடாமல் பிடித்து வைத்திருப்பது, அளவு கடந்து வளைந்துவிட்ட ஒரு சிறிய மடிப்பும், அந்த மடிப்பை ஒட்டி வெளியே பிதுங்கிய மேடும். சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டால் கீழே உள்ள துணி முழுவதும் கோணிக்கொள்ளும் அல்லவா, அதுபோல. துணியை எவ்வளவு நீவினாலும் பயனில்லை, பொத்தானைத்தான் கழற்ற வேண்டும். கால்பந்து பட்ட குழியில் கூர்மையான மடிப்பு இருந்திருக்காது, ஆகவே ரப்பர் கிண்ணத்தின் சிறு இழுப்பே போதுமாக இருந்தது. மாடம்பாக்கத்தாரின் கதவில் லாரியின் இரும்பு மூலை பட்டிருக்கிறது, ஒடுக்கும் நடுக்கோட்டைத் தொட்டிருக்கிறது. அந்தக் கோடு தகட்டுக்கு வலுவூட்டுவதற்காக அச்சில் அழுத்தி உருவாக்கப்பட்டது. அது மடங்கிய இடத்தில்தான் ஒடுக்கை நிமிரவிடாமல் பிடித்திருக்கும் பூட்டு இருக்கும்.

எனவே நடுக்குழியைப் பிடித்து இழுக்காதீர்கள். ஆழமான இடம் அதுதான் என்பதால் எல்லோரும் அங்கேதான் கை வைக்கிறார்கள். மடிப்பு பூட்டியிருக்கும்போது நடுவை இழுத்தால் தகடு நீண்டுவிடும். நீண்ட தகட்டுக்கு இருக்கும் இடத்தில் அடங்க முடியாது, விரல் வைத்தால் உள்ளே போவதும் விட்டால் வெளியே வருவதுமாக எண்ணெய் டின்னைப்போல டப்டப் என்று அடிக்கத் தொடங்கும். அந்த நிலைக்குப் போன கதவை என்னைப் போன்றவர்களிடம் கொண்டுவந்து என்ன கெஞ்சினாலும் பள்ளத்தை நிரப்பும் பட்டி பூசாமல் தர முடியாது.

முறை என்னவென்றால், ஒடுக்கு எந்த வரிசையில் உண்டானதோ அதற்கு நேர்மாறான வரிசையில் அதை விடுவிப்பதுதான். முதலில் தொட்ட இடம் பெரும்பாலும் நடு; கடைசியாக உண்டானவை விளிம்பு மேடுகளும் கோட்டில் விழுந்த மடிப்பும். அவற்றிலிருந்து தொடங்க வேண்டும். மடிப்புக்கு உட்புறத்திலிருந்து அழுத்தம் கொடுத்துக்கொண்டே, வெளிப்புறத்தில் பிதுங்கிய மேட்டின்மீது நைலான் முனையாலோ சிறிய மரக்கொட்டாப்புளியாலோ மெல்லத் தட்டுங்கள். தட்டும் ஒவ்வொரு தடவையும் குழி தானாகக் கொஞ்சம் ஏறுவதைக் காண்பீர்கள். பாதிக்கு மேற்பட்ட வேலையை மேட்டைத் தாழ்த்துவதே செய்துவிடும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குழியை நேராகப் பார்த்து எவராலும் ஒடுக்கு எடுக்க முடியாது. குழல்விளக்கு ஒன்றைக் கதவுக்கு இணையாக நிறுத்தி, வண்ணத்தின்மேல் விழும் அதன் பிம்பத்தைப் பாருங்கள். கோடு அகன்று விரியும் இடம் ஒன்று, நெருங்கிக் குறுகும் இடம் ஒன்று என்று தெரியும். எது குழி, எது மேடு என்பதை விரல் வைத்து அழுத்தி உறுதி செய்துகொள்ளுங்கள். கருவியின் முனை உள்ளே எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அந்தக் கோட்டின் அசைவே காட்டிக்கொடுக்கும். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் கண்ணை நம்பாமல் உள்ளங்கையில் மெல்லிய துணியை வைத்துத் தடவியே சொல்லிவிடுவார். அது நீண்ட பழக்கத்தில் வருவது, விளக்கோ இன்றைக்கே வேலைக்கு ஆகும்.

மாடம்பாக்கத்தான் எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு மிக்க நன்றி ஐயா. கதவின் உட்புறத்தை எட்டுவது எப்படி என்பதும், இணையத்தில் விற்கும் பசை இழுப்புக் கருவிகள் போதுமா என்பதும் என் அடுத்த கேள்விகள். அந்தப் பசை வண்ணத்தையே பெயர்த்துவிடும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற டிங்கர் எழுதியது:

தம்பி, முதலில் டோர் பேடை, அதாவது கதவின் உட்புற உறையைக் கழற்ற வேண்டும். கைப்பிடிக்குள்ளும் இழுப்பிடிக்குள்ளும் மூடிக்குப் பின்னால் திருகுகள் இருக்கும். மற்றவை எல்லாம் விளிம்பைச் சுற்றிய கிளிப்புகள். பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளிப்புக்கு அருகிலேயே நெம்பினால் உடையாது. மின்கண்ணாடிப் பொத்தான்களின் இணைப்பை எடுப்பதற்கு முன் பேட்டரியின் எதிர்மின்முனையை (நெகட்டிவ்)க் கழற்றிவிடுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சில கார்களில் மோதல் உணரி கதவுக்குள்ளேயே இருக்கும். அதற்குள் கம்பியை விட்டு ஆட்டுவது விளையாட்டல்ல, ஆகவே உங்கள் காரின் கையேட்டைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றிவிடுங்கள். பேடுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் ஒரு ஓரத்திலிருந்து உரித்து மடித்து வையுங்கள், அது மழைநீர் உள்ளே வராமல் தடுப்பது.

உள்ளே கை விட்டால் கதவின் குறுக்கே ஓடும் தடித்த இரும்புக் குழாய் தட்டுப்படும். அது பக்கவாட்டு மோதலிலிருந்து காப்பதற்காக வைத்தது. அதை வளைக்கவோ, அதன்மீது பலமாக ஊன்றி நெம்பவோ கூடாது. அந்தக் குழாயே வளைந்திருந்தால் வீட்டு வேலையை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், கதவை மாற்றத்தான் வேண்டும்.

சுத்தியலால் உள்ளிருந்து அடிக்காதீர்கள். ஒவ்வோர் அடியும் வெளியே ஒரு பருவாகத் தெரியும், பருக்களைத் தாழ்த்துவது குழியை எடுப்பதைவிடக் கடினம். முனையில் துணிப்பட்டை சுற்றிய, உருண்டை முனையுள்ள கம்பியால் அழுத்துங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அழுத்துவதைவிட, அடுத்தடுத்த புள்ளிகளில் சிறுகச் சிறுக அழுத்துவதே தகட்டைக் கெடுக்காமல் ஏற்றும் வழி.

பசைக் கருவி நல்லதுதான், நடுக்கோட்டில் உள்ள மடிப்புக்கு உள்ளிருந்து கம்பி எட்டாவிட்டால் அதுவே கைகொடுக்கும். அழுக்கும் மெழுகும் போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சூடான பசையை முனையில் வைத்து ஒட்டி, பசை ஆறும்வரை பொறுத்து இழுங்கள். நம் ஊர் வெயிலில் நின்ற தகட்டில் பசை இறுகவே இறுகாது. நிழலில், காலை வேளையில் செய்யுங்கள். எடுப்பதற்கும் அதே ஆல்கஹாலை விளிம்பில் சில துளிகள் விட்டால் பசை தானே விட்டுக்கொடுக்கும், நகத்தால் பெயர்க்க வேண்டாம். தொழிற்சாலை வண்ணம் இந்த இழுப்பைத் தாங்கும். வண்ணம் பெயர்ந்தது என்று சொல்பவர்களின் கார்கள் பெரும்பாலும் முன்பே மறுவண்ணம் பூசப்பட்டவை.

பாலிமர் எழுதியது:

அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. தொழிற்சாலையில் பூசப்படும் நான்கு அடுக்குகளும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான் வரும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). தடிமன் அளவி கிடைத்தால் கதவின் பல இடங்களில் வைத்துப் பாருங்கள். 200 மைக்ரானை நன்றாகத் தாண்டினால் மறுவண்ணம் என்றும், ஆயிரத்தைத் தொட்டால் உள்ளே பட்டி இருக்கிறது என்றும் கொள்ளலாம். அளவி இல்லாதவர்கள் மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தை நகர்த்திப் பார்க்கலாம், பட்டி இருக்கும் இடத்தில் பிடிப்பு குறையும். காந்தம் எங்குமே ஒட்டாவிட்டால் அது அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். அலுமினியம் வளைத்த இடத்தில் விரைவாகக் கடினமாகி, மீண்டும் வளைத்தால் வெடித்துவிடும், அதை வீட்டில் தொட வேண்டாம்.

சூட்டுக்கு எஃகில் வேலையே இல்லை என்ற பொருள்பட முன்பு எழுதிவிட்டதுபோலத் தோன்றலாம். ஒரு வேலை உண்டு. இதமாகச் சூடாக்கிய வண்ணம் சற்று நெகிழ்ந்து கொடுக்கும், அதனால் மடிப்பை நிமிர்த்தும்போது அது வெடிக்கும் வாய்ப்பு குறையும். கை வைத்தால் சுடுகிறது என்ற அளவே போதும், முடி உலர்த்தி அதற்கு ஏற்ற கருவி.

கணக்கர் எழுதியது:

காப்பீட்டைப் பற்றி யாரும் விடை சொல்லவில்லை. ஒரு தடவை கோரினால் அடுத்த புதுப்பித்தலில் 'நோ கிளைம் போனஸ்', அதாவது கோராத ஆண்டுகளுக்காகத் தரும் தள்ளுபடி, முழுவதும் போய்விடும். சொந்தச் சேதப் பகுதிக்கான பிரீமியத்தில் அது முதலாண்டு 20 விழுக்காடு, பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டு 50 விழுக்காடு என்று ஏறுவது. நீங்கள் 50 விழுக்காட்டில் இருப்பவராக வைத்துக்கொண்டால், கோரிய பிறகு வரும் புதுப்பித்தலில் 50 விழுக்காட்டையும், அடுத்தடுத்த ஆண்டுகளில் 30, 25, 15, 5 விழுக்காட்டையும் இழப்பீர்கள். கூட்டினால் 125 விழுக்காடு. சொந்தச் சேதப் பிரீமியம் போனஸுக்கு முன் 8,000 ரூபாய் என்றால், இழப்பு ஏறத்தாழ 10,000 ரூபாய். கார் பழையதாக ஆகப் பிரீமியம் குறைவதால் உண்மையான இழப்பு இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும்.

அதோடு 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு கோரிக்கைக்கும் கட்டாயக் கழிவாக 1,000 ரூபாய் நீங்களே ஏற்க வேண்டும், அதற்கு மேற்பட்ட கார்களுக்கு 2,000 ரூபாய். தேய்மானக் கழிவில்லாத காப்பீடு எடுக்காதவர்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்களின் விலையிலும், வண்ணப் பொருளின் விலையிலும் பாதிதான் கிடைக்கும். பட்டறை சொன்ன தொகை இந்த இழப்புகளின் கூட்டுத்தொகைக்கு அருகில் இருந்தால் கோருவதில் பொருளில்லை. போனஸைக் காக்கும் கூடுதல் பிரிவை எடுத்திருந்தால் கணக்கு மாறிவிடும், ஆவணத்தைப் பாருங்கள். லாரிக்காரரின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டிலிருந்து பெறச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் வரை போகும் வேலை; ஒரு கதவுக்காக யாரும் போவதைப் பார்த்ததில்லை.

எதுவானாலும் முடிவெடுத்த பிறகு கதவைக் கழற்றுங்கள். மதிப்பீட்டாளர் பார்ப்பதற்கு முன் நீங்களே கை வைத்துவிட்டால், பிறகு கோரும் வாய்ப்பு ஏறக்குறைய மூடிவிடும்.

வடமராட்சி எழுதியது:

இந்த இழையை ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் என்ற பழைய பிரித்தானியக் கார் ஒன்று இன்றும் ஓடுகிறது. அதன் மட்காட்டில் விழுந்த ஒடுக்கை எடுத்தவர், உள்ளே இரும்புக் கட்டையைப் பிடித்து வெளியே சுத்தியலால் தட்டி, மிகுந்த நெளிவைத் தீச்சுடரால் சிவக்கக் காய்ச்சி ஈரத்துணியை வைத்துச் சுருக்கினார். பழைய இணைப்புகளில் பட்டிக்குப் பதிலாக ஈயம் உருக்கி ஊற்றியிருந்ததையும் காட்டினார். இந்த முறை எதுவும் இங்கே பேசப்படாதது ஏன் என்று ஓய்வுபெற்ற டிங்கர் ஐயாவிடம் அறிய விரும்புகிறேன். புதிய வாகனங்களுக்கு அது பொருந்தாதா?

ஓய்வுபெற்ற டிங்கர் எழுதியது:

உங்கள் கார் கொடுத்து வைத்தது. அந்தக் காலத்துத் தகடு தடித்தது, மென்மையானது. எத்தனை தட்டினாலும் பொறுத்துக்கொள்ளும். டாலி எனப்படும் அந்த இரும்புக் கட்டையை நேரே பின்னால் பிடித்து, சுத்தியலுக்கும் அதற்கும் நடுவில் தகட்டை வைத்து அடித்தால் தகடு நசுங்கி நீளும். அதைப் பிறகு காய்ச்சிச் சுருக்குவது அந்த வேலையின் மறுபாதி. இன்றைய தகடு மெலிந்தது, வலிமை கூடியது, வண்ணச் சூளையின் சூட்டிலேயே மேலும் இறுகும்படி தயாரிக்கப்படுவது. அதில் ஒரு தடவை நீட்டியதைச் சுருக்குவது எளிதல்ல. காய்ச்சினால் உட்புறத் துத்தநாகப் பூச்சும் அடிப்பூச்சும் எரிந்து, ஒடுக்கு போன இடத்தில் துரு வந்து உட்காரும்.

டாலியை இன்றும் பயன்படுத்தலாம், ஆனால் அடிக்கும் இடத்துக்கு நேரே பின்னால் வைக்காமல், குழியின் பின்னால் வைத்து அழுத்திக்கொண்டு, பக்கத்தில் உள்ள மேட்டை வெளியிலிருந்து தட்ட வேண்டும். நான் கம்பியையும் கொட்டாப்புளியையும் வைத்துச் சொன்னதும் இதே முறைதான், வண்ணத்தைக் காப்பதற்காகக் கருவி மட்டும் மாறியிருக்கிறது. உங்கள் ஒஸ்ரினின் பழைய வண்ணத்தையும் அந்த இணைப்புகளையும் தேய்க்கும்போது முகக்கவசம் அணியச் சொல்லுங்கள், ஈயத் தூசி குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது.

மாடம்பாக்கத்தான் எழுதியது:

கணக்கர் அவர்களின் வழியில் பார்த்துக் கோர வேண்டாம் என்று முடிவு செய்தேன். பம்பர் மூலை கொதிநீருக்கு உடனே இணங்கிவிட்டது. உள்ளே உள்ள தாங்கியின் ஒரு காது உடைந்திருந்ததால் அதை மட்டும் மாற்ற வேண்டியிருக்கிறது. கதவில் மேட்டைத் தட்டத் தட்டக் குழி ஏறியதைப் பார்த்தபோது வியப்பாக இருந்தது. குழியில் பெரும்பகுதி வந்துவிட்டது. ஆனால் நடுக்கோட்டு மடிப்பில், கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும்படி, மயிரிழை போன்ற வெடிப்புகள் வண்ணத்தில் இருக்கின்றன. அவற்றை அப்படியே விடலாமா?

ஓய்வுபெற்ற டிங்கர் எழுதியது:

விடக்கூடாது. வெடிப்பு அடிப்பூச்சு வரை போயிருந்தால் கடற்காற்று உள்ள ஊரில் ஒரே மழைக்காலத்தில் வண்ணத்துக்கு அடியில் துரு ஓடத் தொடங்கிவிடும். அந்த இடத்தை மட்டும் 80 எண் எமரித் தாளால் தகடு தெரியும்வரை தேய்த்து, சுற்றியுள்ள வண்ணத்தின் விளிம்பை 180, 240 எண் தாள்களால் படிப்படியாகச் சாய்த்துவிடுங்கள். தேய்த்த தகட்டை இரவு முழுவதும் திறந்து வைக்காதீர்கள். சென்னையின் ஈரக்காற்றில் மறுநாள் அதில் மஞ்சள் படிந்திருக்கும்.

மீதமுள்ள பள்ளத்துக்குத்தான் பட்டி. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி தேவைப்படுகிறது என்றால் தகட்டு வேலை முடியவில்லை என்று பொருள். பட்டியை இறுகவைக்கும் ஹார்டனரை எடையில் 2 விழுக்காடு, அதாவது 100 கிராமுக்கு 2 கிராம் அளவில் சேருங்கள். நம் வெயிலில் அது சில நிமிடங்களிலேயே இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கவும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் ஊசித்துளைகள் விழும், அதன் நிறம் பிறகு பூசும் வண்ணத்தில் கறையாக மேலே வரும். காய்ந்த பிறகு மரக்கட்டையில் தாளைச் சுற்றித் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் சமமாக வரும்.

பாலிமர் எழுதியது:

மன்னிக்க வேண்டும் ஐயா, கடைசி வாக்கியத்தில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. பாலியெஸ்டர் பட்டியில் பெரும்பங்கு டால்க் தூள். இறுகிய பிறகும் அது தண்ணீரை உறிஞ்சும். அந்த ஈரத்தின்மேல் பிரைமரும் வண்ணமும் பூசி மூடினால், கார் வெயிலில் நிற்கும்போது ஈரம் வெளியேற வழி தேடிக் கொப்புளமாகும், அல்லது உள்ளே தகட்டைத் துருவாக்கும். பட்டித் தயாரிப்பாளர்கள் பலரும் உலர்வாகத் தேய்க்கும்படியே டப்பாவில் அச்சிட்டிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற டிங்கர் எழுதியது:

டப்பாவை நானும் படித்திருக்கிறேன். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் பட்டறை முழுவதும் வெள்ளைத் தூசி, வேலை செய்பவனின் நுரையீரலிலும் அதே தூசி. தாளும் நொடியில் அடைத்துக்கொள்ளும். தூசி உறிஞ்சும் இயந்திரத் தேய்ப்பான் வாங்க முடியாத பட்டறைகளில் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறோம், தேய்த்த பிறகு விளக்கு வைத்து நன்றாகக் காயவிட்ட வண்டிகள் எதுவும் கொப்பளித்துத் திரும்பி வந்ததில்லை. ஆனால் காயவிடப் பொறுமையில்லாத பட்டறைகளில் நீங்கள் சொல்வது நடக்கிறது, மழைக்காலத்தில் நிச்சயமாக நடக்கிறது. வீட்டில் ஒரு சிறு இடத்தைத் தேய்ப்பவருக்குத் தூசி பெரிய தொல்லையில்லை. மாடம்பாக்கத்தார் முகக்கவசம் அணிந்து உலர்வாகவே தேய்க்கட்டும். பிரைமருக்குப் பிறகு தண்ணீர் விடலாம்.

பட்டிக்கு அடியில் அமில வகைப் பிரைமரை மட்டும் பூசிவிட வேண்டாம், அதன்மேல் பட்டி சரியாகப் பிடிக்காது. எபாக்சி பிரைமர் பூசி அதன்மேல் பட்டி இடுவதும் உண்டு, நேரே தகட்டில் இடுவதும் உண்டு. கடலோர ஊரில் இருப்பவருக்கு முதலாவதையே சொல்வேன்.

புதுச்சக்கரம் எழுதியது:

இவ்வளவும் செய்பவர் வண்ணத்தையும் தானே அடித்துவிடலாம் அல்லவா? கதவுச் சட்டத்திலோ பானட்டுக்கு அடியிலோ வண்ணக் குறியீடு இருக்கிறது. அதைச் சொன்னால் ஸ்ப்ரே குப்பியாகவே கலந்து தருகிறார்கள். என் வெள்ளைக் காரின் பம்பரில் நானே அடித்தேன், பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும்.

ஓய்வுபெற்ற டிங்கர் எழுதியது:

சாதா வெள்ளையில் அது நடக்கும், சில்வரில் நடக்காது. சில்வர் மெட்டாலிக் வண்ணத்தில் அலுமினியத் துகள்கள் மிதக்கின்றன. அவை எப்படிப் படுத்து உறைகின்றன என்பதைப் பொறுத்தே நிறம் தெரியும். காற்றழுத்தம், தூரம், தின்னரின் அளவு, ஈரமாக விழுந்ததா உலர்வாக விழுந்ததா என்பவற்றில் எது மாறினாலும், அதே குறியீட்டு வண்ணமே நேரே பார்த்தால் ஒத்தும் சாய்வாகப் பார்த்தால் கறுத்தும் தெரியும். தேர்ந்த பெயிண்டர்களே சில்வரை ஓரிடத்தில் மட்டும் அடித்து நிறுத்த மாட்டார்கள். நிறம் தரும் பேஸ் கோட்டை அந்த இடத்திலிருந்து படிப்படியாக மெலியவிட்டுக் கரைத்து, அதன்மேல் வரும் நிறமற்ற கிளியர் கோட்டைக் கதவு முழுவதற்கும் விளிம்பு வரை பூசுவார்கள், தேவைப்பட்டால் பக்கத்துப் பகுதியிலும் பேஸ் கோட்டைக் கொஞ்சம் ஓடவிடுவார்கள். மழை ஈரத்தில் திறந்த வெளியில் அடித்தால் கிளியர் கோட் பால்போல வெளுத்துப்போகும் தொல்லை வேறு.

என் கருத்து இதுதான்: தகட்டு வேலையை வீட்டில் செய்யுங்கள், நிதானமாகச் செய்ய நேரம் உள்ளவரின் கையில் அது பட்டறையைவிட நன்றாகவே வரும். பிரைமர் வரை முடித்துவிட்டு, வண்ணத்தை மட்டும் தூசியற்ற அறையுள்ள இடத்தில் கொடுங்கள். தகடு நேராக வந்தால் பெயிண்டிங்குக்கு மட்டும் கூலி பேசலாம்.

பாலிமர் எழுதியது:

உடல்நலக் காரணமும் உண்டு. நீடித்து நிற்கும் கிளியர் கோட் இரண்டு பொருள்களைக் கலந்து பூசுவது. அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தெளிக்கும்போது அதன் நுண்துளிகளைச் சுவாசித்தால் தீராத ஆஸ்துமா வரக்கூடும், சாதாரணத் துணிக் கவசமோ தூசிக் கவசமோ அதைத் தடுக்காது. ஒரே குப்பியில் வரும் சாதா ஸ்ப்ரேயில் பொதுவாக அது இருக்காது. அதன் பளபளப்பும் பெட்ரோல் சிந்தினால் மங்கிவிடும்.

மாடம்பாக்கத்தான் எழுதியது:

அப்படியானால் பிரைமரோடு நிறுத்திக்கொள்கிறேன். பிளாஸ்டிக் தாளை ஒட்டி டோர் பேடை மூடுவதற்கு முன் உள்ளே செய்ய வேண்டியது ஏதேனும் இருக்கிறதா? பிரைமர் பூசியபடியே எத்தனை நாள் ஓட்டலாம்?

ஓய்வுபெற்ற டிங்கர் எழுதியது:

பெரும்பாலோர் மறந்துவிடுவது இதைத்தான், தம்பி. கம்பி அழுத்திய இடங்களில் உட்புறப் பூச்சு கீறியிருக்கும், வெளியே எவ்வளவு நன்றாகப் பூசினாலும் துரு உள்ளிருந்து வரும். அந்த இடங்களில் எபாக்சி பிரைமரைத் தூரிகையால் தொட்டு வைத்து, காய்ந்த பிறகு உட்குழிகளுக்கென விற்கும் மெழுகை நீண்ட குழாய் முனையால் தெளித்துவிடுங்கள். எபாக்சியோ மெழுகோ கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவை அடைத்தால் கதவே தொட்டியாகிவிடும். மெழுகு வெளிப்பக்கத்தில் சிதறினால் உடனே துடைத்துவிடுங்கள், அதன்மேல் வண்ணம் பிடிக்காது. பிளாஸ்டிக் தாளின் பழைய பசை தூசி படிந்து போயிருந்தால் பியூட்டைல் நாடாவை (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) புதிதாக ஒட்டுங்கள்.

சாதா பிரைமர் நீரைத் தடுக்காது, அதில் மழைநீர் ஊறும். எபாக்சி என்றால் கொஞ்சம் தாங்கும், ஆனால் வெயிலில் சுண்ணாம்புபோல மாவாகும். வாரக்கணக்கில் தள்ளிப்போடாமல் பெயிண்டரிடம் முன்பே நாள் வாங்கிக்கொண்டு பிரைமரைத் தொடங்குங்கள். வண்ணம் அடித்து வந்த பிறகு அவர் எத்தனை நாள் சொல்கிறாரோ அத்தனை நாள் மெழுகுப் பாலிஷ் போட வேண்டாம்.